விரதம் முடிந்த மறுநாள்: குடிப்பழக்கத்துக்கும் நாலு நம்பர் லாட்டரிக்கும் எந்த சிகிச்சை?

தைப்பூச விரத நாட்களில் ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்துவிட்டு, பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ காவடி இறக்கிய வாரமே மறுபடி பாட்டிலை எடுப்பவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர். அவர்களிடம் போய் "மனசு வச்சா விட்டுடலாம்" என்று சொல்லி என்ன பயன்? மனசு வைத்து நிறுத்தியும் காட்டிவிட்டார்கள். சிக்கல் அதற்கு அடுத்த நாள்தான். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ உளவியல் சிகிச்சைக்குப் போனால் என்னென்ன வகை, எது யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்போம்.

முதலில் சிபிடி, அதாவது சிந்தனையையும் பழக்கத்தையும் சேர்த்துத் திருத்தும் முறை. சம்பள நாள், வேலை முடிந்து வரும் வழி, கூட இருக்கும் ஆள், வீட்டுச் சண்டை என்று ஆசை எங்கே கிளம்புகிறது என்பதை எழுதி வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாட்டைப் பழக்குவார்கள். என்னைக் கேட்டால் நாலு நம்பர் லாட்டரிப் பைத்தியத்துக்கு இதுதான் முதல் தேர்வு. கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், சாலையில் விபத்தைப் பார்த்தால் அந்தக் காரின் நம்பர், மூன்று இலக்கம் பொருந்திவிட்டால் "ஒண்ணுல போச்சு, அடுத்த வாரம் நிச்சயம்" என்று ஒரு கணக்கு. மொத்தம் 10,000 நம்பர், ஒரு குலுக்கலில் 23 பரிசு, போன வாரம் நெருங்கி வந்ததால் இந்த வாரம் வாய்ப்பு கூடிவிடாது. இதை மனைவி நூறு முறை சொல்லியிருப்பார், காதில் ஏறியிருக்காது. தன் நோட்டில் தானே எழுதி, போட்ட காசையும் அடித்த காசையும் கூட்டிப் பார்க்கும்போது ஏற வாய்ப்புண்டு. கூடவே ஏடிஎம் கார்டை வீட்டில் கொடுப்பது, புதன், சனி, ஞாயிறு மாலைகளுக்கு வேறு வேலை வைத்துக்கொள்வது என்று சாதாரண ஏற்பாடுகளும் உண்டு. சூதாட்டத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை கிடையாது என்பதால் பேச்சு சிகிச்சையின் பங்கு இங்கே பெரிது.

விரதக்காரர்களுக்கும் இந்த முறையில் ஒரு விஷயம் இருக்கிறது. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் விளக்கியது: சத்தியத்தை ஒரு கிளாஸ் மீறிவிட்டால் "போச்சு, இனி என்ன" என்று அந்த ஆள் முழு பாட்டிலையும் முடித்துவிடுகிறார், அதனால் வழுக்கிய பிறகு அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பழக வேண்டும். சாமி முன்னால் செய்த சத்தியத்தில் இதற்கு இடமில்லை. முழுதாக இருக்கும், அல்லது முழுதாக உடையும்.

ஆனால் சிபிடி கொஞ்சமாவது மாற விரும்புகிறவருக்குத்தான். "எனக்கு என்ன பிரச்சினை, நான் என் காசுல குடிக்கிறேன்" என்பவருக்கு வில்லியம் மில்லர் 1983-இல் எழுதத் தொடங்கிய ஊக்க நேர்காணல் முறை பொருந்தும். புத்திமதி சொல்லாமல், வாதாடாமல், அவர் வாயாலேயே காரணத்தை வரவழைப்பார்கள். அமெரிக்காவில் 1,726 பேரை வைத்து நடந்து 1997-இல் முடிவு வெளியான 'பிராஜெக்ட் மேட்ச்' ஆய்வில், இந்த வழியில் 4 அமர்வு பெற்றவர்களும் 12 அமர்வு சிபிடி பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறினார்கள். ஷிஃப்ட் வேலையில் லீவு கிடைக்காத ஆளுக்கு 4-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல.

அப்புறம் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்), குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது, இங்கேயும் கூடுகிறார்கள், கட்டணம் இல்லை. குடியை முழுதாக விடுவதில் இது சிபிடிக்குச் சளைத்ததல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-இல் வந்த காக்ரன் அலசலில் ஒரு வருடம் கழித்து முழுதாக விட்டிருந்தவர்கள் ஏஏவில் சேர வழிகாட்டும் சிகிச்சையின் பக்கம் 42 சதவீதம், சிபிடி போன்ற சிகிச்சைகளின் பக்கம் 35. நம் ஆட்கள் தயங்குவது வேறு காரணத்துக்கு: பிரிக்ஃபீல்ட்ஸில் வாயைத் திறந்தால் கிள்ளான் வரை சொந்தக்காரனுக்குப் போய்விடும் என்ற பயம். ஆங்கிலக் கூட்டமாக இருந்தால் பெரியப்பா மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டான், அது ஒரு சௌகரியம்.

அவர் வரவே மாட்டேன் என்றால்? அம்மாவோ மனைவியோ மட்டும் போகும் 'கிராஃப்ட்' முறை இருக்கிறது. தெளிவாக இருக்கும் நேரத்தில் அன்பாக இருப்பது, குடித்த நேரத்தில் விலகிவிடுவது, ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) கடனை ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் அடைக்காமல் இருப்பது (மிரட்டல் வந்தால் போலீஸ், அது தனிக் கதை) போன்றவற்றைப் பயிற்சியாகச் சொல்லித்தருவார்கள். மறுத்துக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் இந்த வழியில் சிகிச்சைக்கு வந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆளை வண்டியில் ஏற்றி எங்கோ அடைத்துவிடலாம் என்று யோசிக்கும் குடும்பம் முதலில் இதைப் பார்க்கட்டும்.

தினமும் சம்சு என்ற மலிவுச் சாராயமோ விஸ்கியோ நிறைய குடிக்கிறவர் விரதத்துக்காகக்கூடத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். முதலில் மருத்துவமனை, பிறகுதான் பேச்சு. ஹெராயின் என்றால் 2005 முதல் நாட்டில் ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கும் மெத்தடோன் மருந்துத் திட்டம் இருக்கிறது, சிகிச்சைப் பேச்சை அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பதிலாக அல்ல.

செலவு என்று பார்த்தால் தனியாரில் ஒரு அமர்வே சில நூறு வெள்ளி ஆகலாம். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார மருந்தகம்) 1 வெள்ளி கட்டிக் கடிதம் வாங்கி அரசாங்க மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனால் சில வெள்ளிதான், காத்திருக்க வேண்டும், அவ்வளவே. கவுன்சிலர் என்று போர்டு மாட்டியவரெல்லாம் கவுன்சிலர் இல்லை. 1998 சட்டப்படி கவுன்சிலர் வாரியத்தில் பதிவு இருக்க வேண்டும், எண்ணைக் கேளுங்கள். தமிழில் பேசுவாரா, அடிமைப் பழக்கத்தில் அனுபவம் உண்டா, ஆள் ஒருமுறை மறுபடி குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வார் என்பதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். "அப்படி வந்தால் நிறுத்திவிடுவேன்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.