பின்வாசல் பேனிக் பார்: ஐந்தாறு வருஷப் பழக்கத்தில் சொல்கிறேன்

போன வாரம்தான் பின்படிக்கட்டுக் கதவின் பேனிக் பாரை, அதாவது உள்ளிருந்து தள்ளினால் தாழ் விட்டுக் கதவு திறக்கும் குறுக்குக் கம்பியை, மறுபடியும் கழற்றிச் சரிசெய்தோம். கை கழுவிவிட்டு போனை எடுத்தால், திருச்சியில் விடுதி நடத்தும் தோழியின் செய்தி: "அக்கா, பின்வாசலுக்கு பேனிக் பார் போடவா, இல்ல முன்வாசல் மாதிரியே மேக்னடிக் லாக் போட்டுடவா? அதுன்னா செலவு பாதிகூட ஆகாதுன்னு கடைக்காரர் சொல்றார்." அவளுக்குக் குரல் பதிவில் சொல்லத் தொடங்கியது நீண்டுகொண்டே போனதால் எழுதிவிடுகிறேன். வேறு யாருக்காவதும் உதவும். கடையில் கொடுக்கும் காகிதத்தில் இருக்கும் விவரங்களை நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை.

எங்களுடையது கோவை பீளமேட்டில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி. முன்வாசலில் கைரேகை மெஷினும் மேக்னடிக் லாக்கும் இருக்கின்றன. பின்படிக்கட்டின் அடியில், வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு. கட்டடத்தை நாங்கள் எடுக்கும்போதே அது இரட்டைக் கதவுதான், ஃபயர் டோர், அதாவது தீயையும் புகையையும் கொஞ்ச நேரம் தடுத்து நிற்கும் கதவு. அதன் இரண்டு கதவிலும் உட்பக்கம் பேனிக் பார். இரண்டு வாசலுக்கும் ஒரே சமயத்தில்தான் வேலை நடந்தது.

முதலில் மேக்னடிக் லாக்கைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 600 பவுண்டு, அதாவது 270 கிலோ அளவுக்குப் பிடிக்கும் வகை. 12 வோல்ட் மின்சாரம் போகும்வரை இரும்புத் தகட்டைப் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். அசையும் பாகம் எதுவும் இல்லாததால் தேய்மானம் இல்லை, சத்தம் இல்லை. மழைக்காலத்தில் மரக்கதவு ஊதிக்கொண்டபோதும் அது தன் வேலையைச் செய்தது. அவ்வப்போது தகட்டைத் துணியால் துடைப்பதும், கதவில் தகட்டின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று ஒரு ஸ்பேனர் போட்டுப் பார்ப்பதும் தவிர வேறு செலவு வைக்கவில்லை. கரண்ட் போனால் தாங்குவதற்கு வைத்த பேட்டரியை மாற்றியதைச் செலவென்று சொல்ல முடியாது, பேட்டரி என்றால் மாற்றத்தான் வேண்டும். கைரேகை மெஷின்தான் குளித்துவிட்டு ஈரக் கையோடு வருகிறவர்களிடம் மக்கர் செய்யும். அது லாக்கின் குற்றமில்லை.

பேனிக் பார் கதை அப்படியில்லை.

இரட்டைக் கதவுக்கு வரும் பேனிக் பாரில் குறுக்குக் கம்பியை அழுத்தினால் மேலே ஒரு தாழும் கீழே ஒரு தாழும் ஒரே நேரத்தில் உள்ளிழுத்துக்கொள்ளும். மேல்தாழ் நிலைச்சட்டத்தில் பிடிக்கும். கீழ்த்தாழ் தரையில் இருக்கும் ஒரு குழியில் இறங்கும். என்னுடைய கோபம் முழுவதும் அந்தக் குழியின் மேல்தான்.

பெண்கள் விடுதியில் தினமும் பெருக்கினால் என்ன வரும்? முடி வரும். முடியோடு தூசி, தூசியோடு மாப் தண்ணீர், பினாயில். எல்லாம் சேர்ந்து அந்தக் குழிக்குள் இறங்கிக் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். கீழ்த்தாழ் முழுதாக இறங்காது. கதவு பார்வைக்குச் சாத்தியிருப்பதுபோல் இருக்கும். ஆனால் கீழ்ப்பக்கம் ஒரு விரல் அளவு வெளியே தள்ளி நிற்கும். கதவில் ஒரு பஸ்ஸர் வைத்திருக்கிறோம், யாராவது திறந்தால் அலறுவதற்கு. அதன் காந்தம் இரண்டும் நேருக்கு நேர் நின்றால்தான் சும்மா இருக்கும். ராத்திரி காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் கதவின் அடிப்பக்கம் ஆடும், பஸ்ஸர் அலறும். மூன்று மாடியும் விழித்துக்கொள்ளும். காலை ஷிப்டுக்கு நாலரைக்கு எழ வேண்டிய நர்ஸ் பெண்கள் கண்ணில் தூக்கத்தோடு என்னைப் பார்ப்பார்கள். இது ஒரு தடவை நடந்ததில்லை.

அடுத்தது தரையில் கீறல். கதவு திறந்திருக்கும்வரை கீழ்த்தாழ் மேலேயே நிற்க வேண்டும். மேல்தாழ் போய்ச் சட்டத்தில் முட்டியபிறகுதான் கீழே விழ வேண்டும். அதற்கென்று மேலே ஒரு விசை இருக்கிறது. கதவு அறைந்து அறைந்து சாத்தப்படுவதில் கம்பியின் திருகு தளர்ந்தால் அந்த முறை கெட்டுப்போகிறது. தாழ் முன்கூட்டியே இறங்கிவிடும். பிறகு கதவு திரும்பும் வழியெல்லாம் டைல்ஸில் கோடு போட்டுக்கொண்டே வரும். எங்கள் தரையில் அரைவட்டமாக அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

போன வாரம் நடந்ததுதான் என்னை நிஜமாகவே கலங்க வைத்தது. குழிக்குள் ஒரு ஹேர்பின் விழுந்து தாழுக்கும் குழியின் ஓரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. மாதாந்திரச் சோதனையில் நான் கம்பியை அழுத்தினேன், கதவு உடனே விடவில்லை. இரண்டு கையாலும் பலமாகத் தள்ளிய பிறகுதான் திறந்தது. ஐரோப்பியத் தரநிலை இஎன் 1125 இந்தக் கம்பிக்கு 80 நியூட்டனுக்கு மேல் அழுத்தம் தேவைப்படக் கூடாது என்கிறது. கிட்டத்தட்ட எட்டுக் கிலோ எடையின் அழுத்தம். ஒரு சின்னப் பெண்ணும் தள்ளித் திறக்கக்கூடிய அளவு. அவ்வளவு யோசித்துச் செய்த ஒரு பொருளை ஒரு ஹேர்பின் தோற்கடிப்பதை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

வேலைக்கு வந்த பிட்டர் தம்பி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பார்ல ஒண்ணும் கோளாறில்லீங்க்கா. இந்தக் குழிதானுங்க வில்லங்கம். கீழ்க்கம்பியவே எடுத்து உட்டுறலாங்களா?"

ஆசையாகத்தான் இருந்தது. கீழ்க்கம்பி இல்லாமல் மேல்தாழ் மட்டும் வைத்து ஓடும் வகையும் விற்கிறார்கள். ஆனால் எங்களுடையது ஃபயர் டோர். தீயில் கதவு வளைந்தால் கீழ்ப்பக்கம் பிரிந்து புகை படிக்கட்டுக்குள் வந்துவிடும். அதனால்தான் ஃபயர் டோருக்குக் கீழ்க்கம்பியை எடுக்கும்போது, சூடு பட்டால் தானே வெளியே வந்து இரண்டு கதவையும் பிணைக்கும் ஒரு முளையைச் சேர்த்துத் தருகிறார்கள். எங்கள் கதவுக்கும் எங்கள் பாருக்கும் பொருந்தும் அந்த முளை கையில் இல்லாமல் கம்பியை மட்டும் வெட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. குழியை நோண்டிச் சுத்தம் செய்து, ஸ்பிரிங் மூடி போட்ட கிண்ணம் ஒன்றைப் பதித்தோம். தாழ் மேலே போனதும் மூடி தரை மட்டத்துக்கு எழும்பி குழியை அடைத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. ஆனால் பினாயில் தண்ணீரில் அந்த ஸ்பிரிங் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கு இப்போதே சந்தேகம்.

இவ்வளவு திட்டியபிறகு, அந்தக் கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

எங்கள் விடுதியில் அவ்வப்போது தீப்பயிற்சி வைப்போம். மணி அடித்ததும் எல்லாரும் பின்படிக்கட்டு வழியாக இறங்க வேண்டும். ஒரு முறை, காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த ஒரு பெண் இரண்டு கக்கத்திலும் கட்டையோடு இறங்கி வந்தாள். அவளுக்குக் கை ஒழியவில்லை. கதவருகே வந்தவள் யாரையும் கூப்பிடவில்லை, நிற்கவும் இல்லை. தோளைக் கம்பிமேல் சாய்த்தாள், கதவு திறந்தது, வெளியே போய்விட்டாள். சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்த பெண் அவள். இந்தக் கதவைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. எனக்கு அந்த நிமிஷம் அப்படியே நெஞ்சில் நின்றுவிட்டது. எந்தப் பூட்டும் எனக்கு இப்படி ஒரு சந்தோஷத்தைத் தந்ததில்லை.

அந்தக் கம்பி சும்மா பிறந்ததில்லை. 1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்தில், விக்டோரியா ஹாலில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி. கீழே பரிசு கொடுக்கிறார்கள் என்றதும் மாடியிலிருந்த குழந்தைகள் படிக்கட்டில் ஓடி இறங்கினார்கள். அடியில் இருந்த கதவு உட்பக்கமாகத் திறப்பது. ஒரு குழந்தை நுழையும் அளவு இடைவெளி மட்டும் விட்டுத் தாழிட்டிருந்தார்கள். 183 குழந்தைகள் நெரிசலில் இறந்தார்கள். தீ இல்லை, புகை இல்லை. ராபர்ட் அலெக்ஸாண்டர் பிரிக்ஸ் என்பவர் 1892இல் உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழுக்குக் காப்புரிமை பெற்றார். நம் பேனிக் பாரின் வம்சம் அங்கிருந்து வருகிறது.

பெற்றோர்கள் பெண்ணைச் சேர்க்க வரும்போது முதலில் கேட்பது சாப்பாடு, இரண்டாவது பின்வாசல். "பின்னாடி கதவு பூட்டியிருக்குங்களா?" அவர்கள் கவலை புரிகிறது. நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது, வெளியிலிருந்து யாரும் வர முடியாது. உள்ளிருந்து திறந்தால் பஸ்ஸர் அடிக்கும், வார்டன் வந்துவிடுவார். ஆனால் உள்ளிருந்து பூட்ட மாட்டேன். வெளியேறும் கதவு உட்பக்கத்திலிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பே சொல்கிறது. பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாத ஒருசிலர் வேறு விடுதி பார்த்துப் போயிருக்கிறார்கள். போகட்டும்.

பஸ்ஸர் தொல்லை அதிகமான ஒரு சமயத்தில் வாட்ச்மேன் அண்ணா, "ராத்திரி மட்டும் ஒரு சங்கிலி போட்டுக்கலாங்களே, வெடியக்கால எடுத்துறலாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள். கதவில் போட்டாலும் காலில் போட்டாலும் தீ வரும்போது சங்கிலி செய்யும் வேலை ஒன்றுதான். வாட்ச்மேன் அண்ணாவிடம் இதைச் சொன்னேன். அதன்பிறகு சங்கிலிப் பேச்சே எழவில்லை.

இப்போது தோழியின் கேள்விக்கு வருகிறேன். பின்வாசலுக்கு மேக்னடிக் லாக் ஏன் வேண்டாம்?

"கரண்ட் போனா தானா திறந்துக்கும் மேடம்" என்பார் கடைக்காரர். பாதிதான் உண்மை. கரண்ட் போனால் திறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே பேட்டரி வைக்கிறோம்? 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் அரை ஆம்பியர் இழுக்கும் லாக்கை மணிக்கணக்கில் பிடித்து வைக்கும். தீப்பிடித்து மெயின் போனாலும் லாக் விடாது. அதை விடுவிக்க தீ அலாரத்திலிருந்து தனியாக ஒரு ரிலே, அதாவது அலாரம் அடித்ததும் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், வர வேண்டும். கதவோரம் பச்சைப் பெட்டி இருக்க வேண்டும், அதை உடைத்தால் லாக்குக்குப் போகும் ஒயரே நேராகத் துண்டாக வேண்டும். எங்கள் முன்வாசலில் வேலை செய்தவர் அந்தப் பச்சைப் பெட்டியின் ஒயரைக் கதவை இயக்கும் கன்ட்ரோலருக்குள் இழுத்து விட்டிருந்தார். கன்ட்ரோலர் ஹேங் ஆனால் பெட்டியை உடைத்தும் பயனில்லை. வேறொரு எலக்ட்ரீஷியனை வைத்து நேர் இணைப்பாக மாற்றினேன். முன்வாசலில் அதோடு நிம்மதி. அங்கே வார்டன் இருக்கிறார், வெளிச்சம் இருக்கிறது, கதவைத் திறக்கும் பட்டன் எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். பின்படிக்கட்டில் புகை நிறைந்திருக்கும்போது சுவரைத் தடவிப் பட்டனைத் தேடுவது யார்? பேனிக் பார் கதவின் குறுக்கே, வயிற்றுக்கு நேராக இருக்கிறது. பின்னால் வருகிறவர்கள் நெருக்கித் தள்ளினாலும் கதவு திறக்கத்தான் செய்யும்.

மார்க் போடச் சொன்னால் மேக்னடிக் லாக்குக்குப் பத்துக்கு ஒன்பது போடுவேன். இந்தப் பேனிக் பாருக்கு, நேற்று ராத்திரியும் பஸ்ஸர் அலறிய கோபத்தில், நாலுக்கு மேல் போட மனசில்லை. என்னிடம் இருக்கும் இந்த வகையை, தரையில் குழி கேட்கும் வகையை, இன்னொரு முறை காசு கொடுத்து வாங்க மாட்டேன். ஆனாலும் பின்வாசலுக்குப் பேனிக் பார்தான் போட வேண்டும். ஒன்பது மார்க் வாங்கியதை அங்கே வைக்காதே.

உன் பின்வாசல் ஒற்றைக் கதவு என்று ஞாபகம். அப்படியென்றால் பக்கவாட்டில் நிலையில் பிடிக்கும் ரிம் வகை கேள். அதற்குத் தரையில் குழியே வேண்டாம், இந்தப் பாடு எதுவும் உனக்கு வராது. இரட்டைக் கதவாக இருந்தால் வேலை தொடங்குமுன்னே கீழ்க்கம்பி இல்லாத வகையும், அந்தச் சூடு பட்டால் வரும் முளையும் உன் கதவுக்குக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். வெளியே பைக் நிறுத்த விடாதே. மாதம் ஒரு முறை நீயே போய் ஒற்றைக் கையால் அழுத்திப் பார், வேலைக்காரர்களிடம் விடாதே. விலையைக் கடைக்காரர் சொன்னபடியே ஒத்துக்கொள்ளாமல் காந்திபுரத்தில் ஒரு இரண்டு கடை விசாரித்து நானும் நாளைக்குச் சொல்கிறேன்.