அடுத்த கொவிட் வந்தால் எந்தப் பாலர் பள்ளி? சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

பாலர் பள்ளி தேடும்போது நாம் வழக்கமாகப் பார்ப்பது நான்கு விஷயங்கள். கட்டணம் எவ்வளவு, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், சாப்பாடு எப்படி, தமிழ் உண்டா. ஐந்தாவதாக இன்னொன்றையும் கேளுங்கள் என்கிறேன்: ஊரே அடைபட்டுக் கிடந்தபோது இந்த இடம் என்ன செய்தது? 2020க்கு முன் யாருக்கும் தோன்றியிருக்காத கேள்வி இது. இப்போது இதற்கு விடை இருக்கிறது.

நான் ஒப்பிடப்போவது நான்கு வழிகளை. ஒன்று, அரசாங்க நிதியுதவியோடு ஆங்கர் ஆபரேட்டர்கள் நடத்தும் முழுநாள் பராமரிப்பு நிலையம். பிசிஎஃப் ஸ்பார்க்கல்டாட்ஸ், மை ஃபர்ஸ்ட் ஸ்கூல் போன்றவை. இரண்டு, கல்வி அமைச்சின் பாலர் பள்ளி. மூன்று, வீட்டிலேயே பாட்டி தாத்தாவிடம் விடுவது. நான்கு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான கிட்ஸ்டார்ட் திட்டம். தனியார் நிலையங்களை இதில் சேர்க்கவில்லை. அவற்றில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் மிக அதிகம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போயே ஆகவேண்டிய வீட்டுக்கு முழுநாள் நிலையம்தான் கைகொடுத்தது. ஆனால் எல்லா வழிகளிலும் பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்று: வாரா வாரம் வீட்டுக்குப் போன் செய்த ஆசிரியர். அந்த ஆசிரியர் எங்கே கிடைத்தார், எங்கே கிடைக்கவில்லை என்பதை வைத்துத்தான் நான் எடைபோடுகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 பிப்ரவரி 7ஆம் தேதி, நோய்ப்பரவல் அபாயத்தைக் காட்டும் டோர்ஸ்கான் நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்தது. மார்ச் மாதம் ஃபெங்ஷான் புளோக் 126இல் இருந்த ஸ்பார்க்கல்டாட்ஸ் நிலையத்தில் ஊழியர்களிடையே கிருமித்தொற்றுக் குழுமம் உருவானது. உடனே அந்த அமைப்பின் 360 நிலையங்களும் மார்ச் 26 முதல் நான்கு நாள் மூடிச் சுத்தம் செய்யப்பட்டன. ஏப்ரல் 7ஆம் தேதி முறியடிப்புத் திட்டம், அதாவது எல்லாரும் வீட்டிலேயே இருக்க வேண்டிய சர்க்கிட் பிரேக்கர், தொடங்கியது. மறுநாளிலிருந்து பாலர் பள்ளிகளின் வழக்கமான சேவை நின்றது. ஜூன் 2ஆம் தேதி கே1, கே2 (ஐந்து, ஆறு வயது) பிள்ளைகள் திரும்பினார்கள். ஜூன் 8ஆம் தேதி நர்சரி வகுப்புகள். ஜூன் 10ஆம் தேதி அதற்கும் சிறியவர்கள். திறப்பதற்கு முன் 30,000க்கும் மேற்பட்ட பாலர் பள்ளி ஊழியர்களுக்கு மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை செய்தார்கள்.

முழுநாள் நிலையம்

வழக்கமான சேவை நின்றது என்றேனே தவிர, கதவு முழுக்க அடைபடவில்லை. அத்தியாவசியச் சேவையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்காகவும், வேறு வழியே இல்லாத குறைந்த வருமானக் குடும்பங்களுக்காகவும் நிலையங்கள் குறைந்த அளவில் இயங்கின. தாதியர், பேருந்து ஓட்டுநர்கள், பாதுகாவல் அதிகாரிகள், துப்புரவுப் பணியாளர்கள், பேரங்காடி ஊழியர்கள் என்று நம் சமூகத்தில் எத்தனை பேர் இந்த வேலைகளில் இருக்கிறார்கள்! ஷிஃப்ட் முடிந்து வரும் தாதிக்கு, "வீட்டிலிருந்து கற்றல்" பக்கத்தை எவ்வளவு அழகாக வடிவமைத்துக் கொடுத்தாலும் அதனால் என்ன பயன்? பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை இந்த நிலையங்கள் கொடுத்தன.

2021 மே மாதம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பள்ளிகள் மே 19 முதல் 28 வரை முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. பாலர் பராமரிப்பு நிலையங்களோ வேலைக்குப் போகும் பெற்றோருக்காகத் திறந்தே இருந்தன. முதல் முறை மூடிப் பார்த்ததில் கிடைத்த பாடம் அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வாசல் பரிசோதனையிலும் இந்த நிலையங்கள் முன்னாலேயே பழகியவை. கை, கால், வாய்ப்புண் நோய்க்குப் பயந்து, டார்ச் அடித்து வாயைப் பார்ப்பதும் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பதும் இங்கே பல வருடப் பழக்கம். பிள்ளைகளும் வாசலுக்கு வந்தவுடன் தாமாகவே வாயைத் திறந்து "ஆ" காட்டுவார்கள். கொவிட் வந்தபோது அதன் மேல் இன்னொரு அடுக்கு சேர்ந்தது, அவ்வளவுதான்.

சரி, இதற்குப் பிள்ளைகள் கொடுத்த விலை என்ன? அதையும் சொல்ல வேண்டும். பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்றார்கள். புதிதாகச் சேரும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் சில நாள் அம்மா கூட உட்கார்ந்து பழக்கிவிடுவது வழக்கம். அந்தக் காலத்தில் முகக்கவசம் போட்ட, முன்பின் பார்க்காத ஒரு டீச்சர் கையில் வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. வகுப்புக்கு வகுப்பு கலக்கக் கூடாது என்பதால், அக்கா கே2விலும் தம்பி நர்சரியிலும் ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டே நாள் முழுக்க ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். இரண்டு வயதுக்கு மேல் முகக்கவசமோ முகக்கேடயமோ போட வேண்டியிருந்தது. முகக்கேடயம் மூச்சுபட்டுப் பனி படிந்துவிடும். பிள்ளை அதை நெற்றிக்கு மேல் தள்ளும், டீச்சர் இறக்கிவிடுவார், மறுபடி தள்ளும். பேச்சு கற்கும் வயதில் எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்க்க முடியாமல் போனது சின்ன இழப்பு அல்ல. உள்ளரங்கில் முகக்கவசம் கட்டாயமில்லை என்ற நிலை 2022 ஆகஸ்ட் 29ஆம் தேதிதான் வந்தது. 2020இல் நர்சரிக்குப் போன பிள்ளை அதற்குள் பாலர் பள்ளியையே முடிக்கும் கட்டத்துக்கு வந்திருக்கும்.

கட்டணம்: 2020இல் ஆங்கர் ஆபரேட்டர் நிலையத்தில் முழுநாளுக்கு ஜிஎஸ்டி சேர்க்காமல் உச்சவரம்பு 720 வெள்ளி, 2025இல் அது 640க்கு இறங்கியது. வேலைக்குப் போகும் அம்மாவுக்கு 300 வெள்ளி அடிப்படைக் கழிவு, வருமானத்தைப் பொறுத்து அதற்கு மேலும் 467 வெள்ளி வரை கிடைத்தது. இங்கேதான் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கூடுதல் கழிவு அம்மாவின் வேலையோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. கொவிட் காலத்தில் முதலில் போனதே அந்த வேலைதான். அம்மா வேலை செய்யாவிட்டால் அடிப்படைக் கழிவும் பாதியாகிவிடும். மாத வருமானம் 6,000 வெள்ளிக்கு உட்பட்ட குடும்பங்களில் அம்மா வேலைக்குப் போகாவிட்டாலும் முழுக் கழிவு உண்டு என்ற மாற்றத்தை 2024இல்தான் அறிவித்தார்கள். நல்ல மாற்றம். நான்கு வருடம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கல்வி அமைச்சின் பாலர் பள்ளி

தமிழுக்காகப் பார்த்தால் இதுதான் முதலிடம். 2014இல் ஐந்து பள்ளிகளோடு தொடங்கியது. சீனம், மலாய், தமிழ் மூன்றும் எல்லாப் பள்ளியிலும் உண்டு, தினமும் ஒரு மணி நேரம். பராமரிப்பு நிலையங்கள் எல்லாவற்றிலும் தமிழ் கிடையாது. இருக்கும் இடங்களிலும் சில சமயம் ஒரே தமிழாசிரியர் இரண்டு நிலையங்களுக்கு மாறி மாறிப் போய்வருவார். ஊழியர் நிலையம் விட்டு நிலையம் போவதைக் குறைக்கச் சொன்னால் எந்தப் பாடம் முதலில் அடிபடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தமிழ் ஆசிரியர் அந்தப் பள்ளிக்கே உரியவராக இருப்பது சாதாரண நாளில் வசதி. தொற்றுக் காலத்தில் அதுதான் தமிழ் வகுப்பு இருக்குமா இருக்காதா என்பதையே முடிவு செய்யும்.

மற்றபடி இது பள்ளி நாட்காட்டியோடு கட்டுண்டது. நாளொன்றுக்குச் சுமார் நான்கு மணி நேரம்தான். கே1, கே2 மட்டும்தான். 2020இல் ஜூன் விடுமுறையை மே 5 முதல் ஜூன் 1 வரை என்று முன்னுக்குத் தள்ளினார்கள். வீட்டில் அம்மா இருந்தால் பரவாயில்லை. வேலைக்குப் போகும் வீட்டில், பள்ளி நேரம் போக மீதி நேரத்துக்குக் கேகேர் என்ற பராமரிப்புச் சேவை இல்லாமல் இது நடக்காது. கே2வில் ஒன்று, இரண்டு வயதில் ஒன்று என்று இருந்தால் இரண்டு இடம், இரண்டு விதிமுறை, காலையில் இரண்டு வாசல். மாதம் 160 வெள்ளி என்ற அன்றைய கட்டணத்தைப் பார்த்து மயங்கும் முன், கேகேர் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள்.

திரை வழிப் பாடம் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில், அந்நியர்கள் ஒரு வகுப்புக்குள் புகுந்ததை அடுத்து, ஆசிரியர்கள் ஸூம் பயன்படுத்துவதைக் கல்வி அமைச்சு சிறிது காலம் நிறுத்தி வைத்தது. அது பெரிய பிள்ளைகளின் வகுப்பு. ஆனால் அந்தப் பதற்றம் எல்லாப் பெற்றோரையும் தொற்றியது. ஸூம் வேலை செய்தாலும் ஐந்து வயதுப் பிள்ளை எத்தனை நிமிடம் உட்காரும்? இரண்டு முதல் நான்கு வயதுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லியிருக்கிறது. மூவறை வீட்டில் இரண்டு போன், மூன்று பிள்ளைகள் என்றால் பெரியவனின் பாடத்துக்குத்தான் போன் போகும். பாலர் பள்ளிப் பிள்ளையின் முறை வரவே வராது.

என் மகள் அப்போது நர்சரியில் இருந்தாள். அவளுடைய நிலையத்திலிருந்து வந்த ஜிப் பையில் ஒட்டும் தாள், நான்கு கலர் மாவு உருண்டை, பஞ்சு, ஒரு தமிழ் எழுத்து அட்டை இருந்தன. பை எங்கள் வீட்டு மேசையில் அப்படியே கிடந்தது. தமிழ் டீச்சர் போனில் என் மாமியாரைக் கூப்பிட்டு, "அம்மா, அந்த மாவுல 'அ' மட்டும் உருட்டச் சொல்லுங்க. ஒழுங்கா வரலேன்னா பரவாயில்ல, போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றார். அன்று மாலையே மாவில் ஓர் 'அ' வந்தது, சுழி மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. பையை வேலை செய்ய வைத்தது அந்த இரண்டு நிமிடப் பேச்சு. இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

பாட்டி வீடு

எந்தத் தொற்றுமில்லாத காலத்தில் தமிழுக்கும் அன்புக்கும் இதற்கு ஈடில்லை. தொற்றுக் காலத்தில் முதலில் உடைந்ததும் இதுதான். முறியடிப்புத் திட்டத்தின்போது பிள்ளையைத் தினமும் பாட்டி வீட்டில் விட்டு அழைத்து வர அனுமதியில்லை. அத்தியாவசியச் சேவை ஊழியர்களுக்கு விலக்கு இருந்தது. ஜூன் 2 முதல்தான் அது தளர்ந்தது. ஜொகூரில் பாட்டி இருந்த குடும்பங்களின் கதை இன்னும் கொடுமை. மலேசியா 2020 மார்ச் 18ஆம் தேதி எல்லையை மூடியது. தடுப்பூசி போட்டவர்களுக்குத் தரைவழி எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாதம் தவறாமல் உட்லண்ட்ஸ் தாண்டி வந்த பாட்டிகள் இரண்டு வருடம் வீடியோ காலில் மட்டும் பேரனைப் பார்த்தார்கள்.

ஆபத்தும் இங்கேதான் அதிகம். ஐந்து முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி 2021 டிசம்பர் 27ஆம் தேதி தொடங்கியது. அதற்கும் சிறியவர்களுக்கு 2022 அக்டோபரில்தான். அதுவரை ஊசி போடாத மூன்று வயதும் எழுபது வயதும் ஒரே பாயில் படுத்திருந்த வீடுகள் எத்தனை!

இருந்தும் ஒன்றை மறுக்க முடியாது. பாட்டியோடு அடைபட்டிருந்த பிள்ளைகள் தமிழில் வாயாடக் கற்றுக்கொண்டார்கள். பருப்பு பொறுக்கிக்கொண்டே எண்ணுவது, பல்லாங்குழி, தூங்கப் போகும்போது ஒரு கதை. எந்த ஜிப் பையாலும் அதைக் கொடுக்க முடியாது. பாட்டியால் முடியாதது வேறு: பேச்சு தாமதமாகிறதா, காது சரியாகக் கேட்கிறதா என்று இருபது பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய கண் கண்டுபிடிப்பதை, "எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசினோம்" என்று வீடு தள்ளிப் போட்டுவிடும்.

கிட்ஸ்டார்ட்

நிறையப் பேருக்கு இந்தப் பெயரே தெரியாது. 2016இல் முன்னோட்டமாகத் தொடங்கிய திட்டம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கர்ப்ப காலம் தொட்டு பிள்ளைக்கு ஆறு வயது வரை துணை உண்டு; முதல் வருடங்களில் வீட்டுக்கே வந்து தாய்க்குப் பக்கபலமாக இருப்பார்கள். இது பாலர் பள்ளிக்கு மாற்று அல்ல. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் கிடைக்கும்.

வீடு தேடி வருவதே உயிரான ஒரு திட்டம் வீட்டுக்குப் போகக் கூடாது என்றவுடன் படுத்துவிட்டிருக்க வேண்டும். படுக்கவில்லை. வருகைகள் போன் அழைப்பாகவும் வீடியோ காலாகவும் மாறின. எனக்குத் தெரிந்து அது தாக்குப்பிடித்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அந்த அலுவலருக்கு ஏற்கெனவே அந்த வீடு தெரியும். எந்த அறையில் யார் தூங்குகிறார்கள், யாருக்கு வேலை போயிற்று, யார் வாயே திறக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர் போன் செய்தால் எடுப்பார்கள். புது எண்ணிலிருந்து வந்தால் எடுக்க மாட்டார்கள். மற்ற மூன்று வழிகளும் இதனிடம் கற்க வேண்டியது இதுதான்.

குறை என்னவென்றால், ஆரம்பத்தில் இது சில வட்டாரங்களில் மட்டுமே இருந்தது. அடுத்த புளோக்கில் இருக்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும், நமக்கு இல்லை என்ற நிலை. பிறகு கூடுதலாக 5,000 பிள்ளைகளைச் சேர்க்கும் விரிவாக்கம் வந்தது.

யாருக்கு எது?

இருவரும் வெளியே போய் வேலை செய்பவர்கள், பிள்ளைக்கு நான்கு வயதுக்குள் என்றால் ஆங்கர் ஆபரேட்டர் நிலையம். தமிழ் இல்லையென்றால் வீட்டில் தமிழை நீங்கள்தான் தூக்க வேண்டும். ஒருவர் வீட்டில் இருக்கிறார், பிள்ளை கே1 வயதை எட்டிவிட்டது என்றால் கல்வி அமைச்சின் பாலர் பள்ளி, யோசிக்கவே வேண்டாம். பாட்டியை மட்டும் நம்பியிருப்பவர்கள், பாட்டி வர முடியாத நாளுக்கு ஒரு நிலையத்தில் பெயரையாவது பதிந்து வையுங்கள். கை இறுக்கமாக இருக்கும் குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் கிட்ஸ்டார்ட் பற்றிச் சொல்லுங்கள். அந்தக் குடும்பங்கள் தாமாகத் தேடிப் போவது அபூர்வம்.

நிலையத்தைப் பார்க்கப் போகும்போது சுவரில் ஒட்டிய படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். முதல்வரிடம் நேராகக் கேளுங்கள்: 2020இல் வீட்டிலிருந்த பிள்ளைகளுக்கு யார் போன் செய்தார்கள், வாரத்துக்கு எத்தனை தடவை, தமிழில் பேச ஆள் இருந்தாரா, அந்த ஆசிரியர் இன்னும் இங்கே இருக்கிறாரா?