காந்தப் பூட்டா, ஸ்ட்ரைக்கா? கோயில் மண்டபக் கதவுகளுக்கு எது சரி

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் கோயில் மண்டபத்துக்கு கார்டு காட்டித் திறக்கும் கதவுகள் போடலாம் என்று கமிட்டியில் முடிவானது. உடனே பூட்டைப் பற்றி வாக்குவாதம். சிலர் காந்தப் பூட்டு என்றார்கள், சிலர் ஸ்ட்ரைக் என்றார்கள். டர்பனில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கரண்ட் போனால் கதவு என்ன செய்யும்?

காந்தப் பூட்டில் கதவு நிலைச்சட்டத்தில் ஒரு மின்காந்தம், கதவில் ஒரு இரும்புத் தகடு. கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை சுமார் 280 கிலோ அல்லது 545 கிலோ பிடிமானம் உள்ளவை. கரண்ட் நின்றால் பிடி விட்டுவிடும், கதவு திறந்து கிடக்கும். ஸ்ட்ரைக் என்பது கதவுப் பூட்டின் நாக்கைப் பிடித்துக்கொள்ள நிலைச்சட்டத்தில் பதிக்கும் சின்னக் கொக்கி. நாங்கள் பார்த்த வகைக்குக் கரண்ட் கொடுத்தால்தான் கொக்கி இளகும். கரண்ட் போனால் வெளியிலிருந்து சாவி இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது.

2021 ஜூலையில் டர்பனில் கடைகள் சூறையாடப்பட்ட கலவரத்தை மறக்காதவர்கள் கதவு பூட்டியே இருக்கட்டும் என்றார்கள். மற்றவர்கள் ஜோஹானஸ்பர்க்கை நினைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 31 அன்று மார்ஷல்டவுன் கட்டடத் தீயில் 76 பேர் இறந்தார்கள். பூட்டிய இரும்புக் கேட்டுகளைத் தாண்ட முடியாமல் பலர் உள்ளேயே சிக்கினார்கள். கற்பூரமும் குத்துவிளக்கும் எரியும் இடத்தில் இந்தப் பயம் நியாயமானது.

ஆனால் ஸ்ட்ரைக் ஆளை உள்ளே அடைத்துவிடும் என்பது தவறான எண்ணம். அது வெளிப்பக்கத்தைத்தான் காக்கிறது. உள்ளே சாதாரணக் கைப்பிடி இருந்தால் அழுத்தினதும் நாக்கு உள்வாங்கும், கதவு திறக்கும். கார்டும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். சொல்லப்போனால், வெளியே போக மின்சார ஏற்பாட்டை நம்பி இருப்பது காந்தப் பூட்டுதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு வேலை பார்த்த கிடங்கில் ஒரு மாலை, கார்டைச் சரிபார்த்துப் பூட்டை இயக்கும் கன்ட்ரோலர் உறைந்துபோனது. கரண்ட் இருந்தது, காந்தம் பிடித்துக்கொண்டே இருந்தது, வெளியேறும் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பட்டன் கன்ட்ரோலருக்குச் செய்தி மட்டும் அனுப்பும்படி ஒயர் இழுத்திருந்தார்கள். பூட்டுக்குப் போகும் கரண்டை நேராகத் துண்டிக்கும் பச்சைப் பெட்டி அங்கே இல்லவே இல்லை. காந்தப் பூட்டு போடுபவர்கள் இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பச்சைப் பெட்டியை அழுத்தினால் பூட்டின் ஒயரே அறுபட வேண்டும், நடுவில் எந்த மென்பொருளும் இருக்கக் கூடாது.

அடுத்தது, கரண்ட் போனாலும் காந்தம் பிடி விடாமல் இருக்க வைக்கும் பேட்டரி. 12 வோல்ட் காந்தப் பூட்டு ஒன்று ஏறக்குறைய அரை ஆம்பியர் இழுக்கும், அதுவும் இரவு பகலாக. கன்ட்ரோலரையும் கார்டைப் படிக்கும் ரீடரையும் சேர்த்து 0.7 ஆம்பியர் என்று வைத்தால் 7 ஆம்பியர்-மணி பேட்டரி காகிதத்தில் 10 மணி நேரம் தாங்கும். உண்மையில் அவ்வளவு வராது. லோட்ஷெடிங்கில், அதாவது மின்சாரப் பற்றாக்குறையால் முறைவைத்துக் கரண்டை நிறுத்தியபோது, தடவைக்கு இரண்டு மணி, சில சமயம் நான்கு மணி என்று ஒரே நாளில் பல தடவை போகும், ஈய பேட்டரி முழுதாக ஏறுவதற்குள் மறுபடி இறங்கும். அப்படியே அது செத்துவிடும். 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட்ஷெடிங் வெகுவாகக் குறைந்தாலும் கேபிள் திருட்டால் கரண்ட் போவது நின்றபாடில்லை. ஸ்ட்ரைக்குக்கு இந்தத் தொல்லை குறைவு. திறக்கும் சில விநாடிகள்தான் அதற்குக் கரண்ட்.

ஸ்ட்ரைக்கிலும் குறை இருக்கிறது. கதவு இறுக்கமாக அழுந்தியிருந்தால் கொக்கி இளகாது. எங்கள் ஊர் ஈரக்காற்றில் மரக்கதவு ஊதும்போது இது அடிக்கடி நடக்கும். இன்னொன்று, உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருகி வெளியே போவது கன்ட்ரோலருக்குத் தெரியாது. யாரோ கதவை உடைத்துவிட்டார்கள் என்று அலாரம் அடிக்கும். கைப்பிடிக்குள் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து "இவர் வெளியே போகிறார்" என்று சொல்ல வைக்க வேண்டும்.

முன்வாசல் இரட்டைக் கண்ணாடிக் கதவில் நாக்குப் பூட்டு பொருத்த வழியில்லை. அங்கே காந்தம், பச்சைப் பெட்டியோடு. அலுவலகத்துக்கும் சமையலறைக்கும் ஸ்ட்ரைக். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் செட்டிங். பல இடங்களில் பூட்டு திறந்திருக்கும் நேரம் 5 விநாடி என்றே வரும். வாக்கரை நகர்த்தி, புடவைத் தலைப்பை ஒதுக்கி, ஒரு ஆயா கதவருகே வருவதற்குள் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் 20 விநாடி வைப்பதா? வேண்டாம். அவர் கார்டுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுக்கும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. மற்றவர்களுக்கு 5 விநாடியே போதும். கதவு திறந்த உடனே மறுபடி பூட்டும்படி வைத்தால் கதவு மூடியபின் மீதி விநாடிகளில் கார்டு இல்லாமல் யாரும் நுழைய முடியாது.

சமையலறைக் கதவுதான் எங்களை அதிகம் படுத்தியது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் இரண்டு பேர் கொதிக்கும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். யாரிடமும் கார்டு காட்டக் கை இல்லை. ஒரு பையன் உரித்த தேங்காய் மட்டையைக் கதவடியில் செருகிவிட்டான். 30 விநாடி தாண்டியதும் அலாரம் கத்தத் தொடங்கியது, பூஜை முடியும்வரை கத்தியது. அலாரத்தையே நிறுத்திவிடலாம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கு மட்டும் கதவு தானாகத் திறந்திருக்க ஒரு நேர அட்டவணை போட்டோம். கூடவே, பொறுப்பாளர் முதலில் வந்து தன் கார்டைக் காட்டினால்தான் அந்த அட்டவணை தொடங்கும் என்றும் வைத்தோம். இல்லாவிட்டால் மழையில் யாரும் வராத காலையிலும் ஆளில்லாத மண்டபம் எட்டு மணிக்குத் தானாகத் திறந்துகொள்ளும்.

மாதத்தின் முதல் ஞாயிறு பூஜைக்குப் பிறகு மெயின் ஸ்விட்சை அணைத்து ஒவ்வொரு கதவாகப் பார்க்கிறோம். போன தடவை அலுவலகக் கதவு கொஞ்சம் இறுக்கியது. ஆடிக்கு முன்னால் ஓரத்தைச் சீவ வேண்டும்.