கீல் கார்பனேட் கருவி: ஒற்றை ஓட்டின் கார்பனை நம்பி வயது சொல்லலாமா?

பழைய கடல் பாறைக்குக் கார்பன் வழியாக வயது கணிப்பது என்றதும் பலருக்கும் கார்பன்-14 நினைவுக்கு வரும். அது சுமார் 50,000 ஆண்டுகளோடு முடிந்துவிடும். கோடிக்கணக்கான ஆண்டுப் பாறையில் பார்ப்பது, சிதையாத கார்பன்-12க்கும் கார்பன்-13க்கும் உள்ள விகிதத்தை; காலந்தோறும் அது ஏறி இறங்கும் வளைவோடு பொருத்திப் பார்த்தே வயது கணிக்கிறோம். அதை நுண்ணிய கடலுயிரிகளின் சுண்ணாம்பு ஓட்டில் அளக்க, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் (அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) முன்னால் பொருத்தி, ஓட்டை அமிலத்தில் கரைத்து வாயுவாக்கித் தரும் கீல் கார்பனேட் கருவிக்கு நிகராக ஒன்றைச் சொல்வது கடினம்.

காரணம், அதற்குத் தேவைப்படும் மாதிரி அவ்வளவு சிறியது. 20 மைக்ரோகிராம் தூள் இருந்தாலே வேலை நடக்கும். ஓடு பெரிதாக இருந்தால் ஒன்றே போதும். ஒவ்வொரு குப்பியிலும் 70 டிகிரி செல்சியஸில் புதிய பாஸ்பாரிக் அமிலம் தனியாகச் சொட்டுவதால், முந்தைய மாதிரியின் வாயு அடுத்ததில் கலப்பதில்லை.

இதன் அருமை தெரிய வேண்டுமானால், 5.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேலியோசீன்-இயோசீன் எல்லைக்குப் போக வேண்டும். அங்கே கார்பன்-13 சட்டென்று சரிகிறது. புழுக்கள் கிளறிய படிவை மொத்தமாக அரைத்து அளந்தால், அந்தச் சரிவு படிப்படியாக நடந்ததுபோலத் தெரியும். அதே அடுக்கிலிருந்து மிதவை ஃபொராமினிஃபெராக்களை (கடலில் மிதந்து வாழும், ஓடுள்ள ஒற்றைச் செல் உயிரிகள்) ஒவ்வொன்றாக அளந்தால், பழைய மதிப்பு அல்லது சரிந்த மதிப்பு என்று ஓடுகள் இரண்டாகப் பிரிந்து நிற்கும். நடுவில் ஏறக்குறைய எதுவும் இருக்காது. அண்டார்க்டிகாவை ஒட்டிய மாட் ரைஸ் என்ற கடலடி மேட்டில் துளையிட்டு எடுத்த படிவுத் தூண்களில் இப்படித்தான் தெரியவந்தது.

ஆனால் கருவி தருவது எண்ணை மட்டுமே, வயதைத் தராது. ஏறுமுகமான ஒரு வளைவு ஆப்டியனிலும் உண்டு, செனோமேனியன்-டுரோனியன் எல்லையிலும் உண்டு (மூன்றும் கிரெட்டேசியஸ் காலத்தின் உட்பிரிவுகள்). பக்கத்தில் லியூபோல்டினா கப்ரி என்ற ஃபொராமினிஃபெரா இனம் கிடைத்தால் முதலாவது. ரோட்டாலிபோரா குஷ்மானி என்ற இனம் மறையும் இடமென்றால் இரண்டாவது, அதாவது சுமார் 9.4 கோடி ஆண்டுகள். ஆகவே ஓட்டை அமிலத்துக்குக் கொடுப்பதற்கு முன்பே இனத்தை அடையாளம் கண்டு, படம் எடுத்து வைத்துவிட வேண்டும். கரைந்தபின் திரும்பி வராது.

தவறுகள் பெரும்பாலும் கருவிக்கு வெளியிலேயே நடக்கின்றன. ஓட்டின் மேல் பிற்காலத்தில் படிந்த கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) முதல் எதிரி. கண்ணாடிபோல் பளபளக்கும் ஓட்டை எடுங்கள், உறைபனி பூத்ததுபோல் வெளுத்திருப்பதை விடுங்கள். சுத்தம் செய்ய, மெத்தனாலில் சில நொடி அல்ட்ராசோனிக் அதிர்வு போதும். நீடித்தால் ஓடு நொறுங்கும். அளவு வரம்பையும் குறுக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே பாசி வளர்க்கும் மொரோசோவெல்லா போன்ற ஃபொராமினிஃபெராக்களில், ஓடு பெரிதாகப் பெரிதாகக் கார்பன்-13 ஏறும். கலந்து அளந்தால் அது கடலின் மாற்றம்போல் ஏமாற்றும். தூள் குப்பியின் சுவரில் ஒட்டிக்கொண்டால் அமிலம் தொடாது, வாயு அழுத்தம் குறைந்து முடிவு ஆடும். அமிலம் ஈரம் இழுத்தால் ஆக்சிஜன் மதிப்புதான் முதலில் கெடும். டோலமைட் (மக்னீசியம் கலந்த கார்பனேட் கனிமம்) மெதுவாகக் கரைவதால், கால்சைட்டுக்கான அதே நேரக் கணக்கில் ஓட்டக்கூடாது.

திரவ நைட்ரஜன் தடையின்றி வேண்டும், வெற்றிடக் கசிவை அன்றாடம் பார்க்க ஆள் வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்திலும் என்.பி.எஸ். 19 போன்ற, மதிப்பு முன்பே தெரிந்த தரமாதிரி (கார்பன்-13 மதிப்பு +1.95 பெர்மில், அதாவது ஆயிரத்தில் இத்தனை பங்கு) இடையிடையே வர வேண்டும். பேலியோசோயிக் (சுமார் 54 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம்) சுண்ணாம்புக்கல் தூள் மட்டுமே உங்கள் வேலை என்றால் இவ்வளவு தேவையில்லை. அங்கே வயதுக்குச் சாவி கோனோடோன்ட், அழிந்துபோன கடலுயிரியின் பல் போன்ற நுண் புதைபடிவம். அது பாஸ்பேட், இந்தக் கருவிக்கு உதவாது. பாறைத் தூளை ஹீலியம் ஊதும் எளிய முறையிலேயே அளக்கலாம். கிரெட்டேசியஸ் காலத்தையோ அதற்குப் பிந்தைய காலத்தையோ சேர்ந்த, நன்றாகப் பாதுகாக்கப்பட்ட ஓடுகள் கையில் உள்ள ஆய்வகத்துக்குத் தயங்காமல் பரிந்துரைப்போம்.