கலியாணத்துக்கு முன் ஒப்பந்தம்: திருகோணமலையில் யாரிடம் போவது?

சீதன உறுதி எழுதாத கலியாண வீட்டைத் திருகோணமலையில் காண்பது அரிது. அதே வீட்டில் பிள்ளை ஒன்று, "பிரிய நேர்ந்தால் எது யாருக்கு என்றும் எழுதி வைப்போமா?" என்று கேட்டால் எல்லோர் முகமும் மாறிவிடும். பிள்ளை கேட்பது நியாயம். அதற்கு யாரிடம் போவது என்பதில்தான் குழப்பம்.

முதலில் உள்ளூர் நொத்தாரிசு. காணி விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதப்பட வேண்டும். உவர்மலை வீட்டை மகளின் பெயருக்கு மட்டும் நன்கொடை உறுதியாக எழுதி, பெற்றோர் சீவிய உரித்தை (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு, காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எங்கள் பக்கத்துத் தமிழருக்குப் பொருந்துவது பொதுச் சட்டம். அதில் 1923 ஆம் ஆண்டின் மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச்சட்டத்துக்குப் பிறகு மனைவியின் சொத்து மனைவியுடையதே. கணவர் கையெழுத்து இல்லாமலே விற்கலாம். இருவரும் இந்த ஊர், சொத்தும் ஒரு வீடுதான் என்றால் இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.

மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தவர் என்றால் கதை வேறு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவரை மணக்கும் பெண், அந்த மணம் நிலைக்கும் வரை தானும் அதற்குள் வருகிறாள். 1911 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டப்படி தன் சொந்தக் காணியை விற்கவும் ஈடு வைக்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மணமான பின் விலை கொடுத்து வாங்குபவை தேடியதேட்டம், அதாவது இருவருக்கும் பொதுவான சொத்து. உறுதி முடிந்த பிறகு இதை அறிந்து கலங்கும் பெண் வீட்டாரை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மாப்பிள்ளை எந்தச் சட்டத்துக்குரியவர் என்று நொத்தாரிசிடம் முதல் நாளே கேளுங்கள்.

கடன், வியாபாரப் பங்கு, முதல் தாரத்துப் பிள்ளைகள், நிலாவெளியில் கூட்டாக நடத்தும் விடுதி என்று சிக்கல் இருந்தால் உறுதி போதாது. குடும்ப வழக்குகளில் பழகிய சட்டத்தரணியே வேண்டும். செலவு கூடும், ஒப்பந்தத்துக்கும் எல்லை உண்டு. விவாகரத்தின்போது ஒருவரின் சொத்தை மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ எழுதிக் கொடுக்கும்படி உத்தரவிட சிவில் நடவடிக்கைமுறைக் கோவையின் 615 ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. பிள்ளைகளின் பராமரிப்பைப் பெற்றோர் தங்களுக்குள் எழுதி இல்லாமலாக்க முடியாது. கந்தளாய்ப் பக்கத்தில் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்றவும் முடியாது. "எல்லாத்தையும் எழுதித் தாறன்" என்பவரை விட, இந்த எல்லைகளை எடுத்துச் சொல்பவரை நம்பலாம்.

மாப்பிள்ளை வெளிநாடு என்றால் அந்த நாட்டுச் சட்டத்தரணிதான். இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. அவுஸ்திரேலியாவில் இருவரும் தனித்தனியே சட்ட ஆலோசனை பெற்றிருப்பது அடிப்படை நிபந்தனை. கனடாவின் ஒன்ராறியோவில் எழுத்தும் கையெழுத்தும் சாட்சியும் வேண்டும். குடும்ப வீட்டில் வசிக்கும் உரிமையை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது. இங்கிலாந்தில் 2010 ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, இருவரும் விளங்கி, விரும்பிச் செய்த ஒப்பந்தம் அநியாயமாக இல்லாவிட்டால் மதிக்கப்படும். மாப்பிள்ளை வீட்டார் அனுப்பும் ஆங்கிலப் பத்திரத்தில் தாலி கட்டும் கிழமை மகளிடம் கையெழுத்து வாங்க விடாதீர்கள். அவளுக்கென்று ஒருவர் அதைத் தமிழில் வரிவரியாக விளக்க வேண்டும். அந்தச் செலவை மாப்பிள்ளை வீடே ஏற்றாலும் ஆள் அவளுடைய ஆளாக இருக்க வேண்டும்.

கையில் வசதியில்லாதவர்கள் ஆலோசனைக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். இணையத்தில் இறக்கும் மாதிரிப் படிவங்கள் வேறொரு நாட்டுச் சட்டத்துக்கு எழுதப்பட்டவை, அவற்றை விட்டுவிடுங்கள். முஸ்லிம் குடும்பங்களுக்கு 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரும் காதி நீதிமன்றமும் தனி வழி, இதில் சேராது.

இன்னொன்று: கலியாணத்துக்கு முன் எழுதிய மரண சாசனம் கலியாணத்தோடு இரத்தாகிவிடும். கலியாண எழுத்துப் பதிவு முடிந்ததும் அதே நொத்தாரிசிடம் போய்ப் புதிதாக எழுதுங்கள்.