‘பெட்டி பிரிக்காத’ டவுன்ஹில் ஃபோர்க்: முதல் போல்ட்டை முடுக்கும் முன் இதைப் படியுங்கள்

டவுன்ஹில் சைக்கிளுக்கு (மலைச்சரிவில் வேகமாக இறங்குவதற்கான சைக்கிள்) இணையத்தில் உதிரிபாகம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். முக்கியமாக, "புத்தம் புதியது, பெட்டி பிரிக்காதது, கொஞ்சம்தான் இருக்கிறது" என்று போட்டு மற்ற எல்லோரையும்விடக் குறைவான விலைக்குத் தருகிறவர்களிடம் வாங்கப் போகிறவர்களுக்கு. அப்படி ஒருவரிடம் ஒரே ஆர்டரில் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்து, அமுங்கி அதிர்வை வாங்கும் பகுதி), முழுமுக ஹெல்மெட் (தாடைக்கும் பட்டை உள்ளது), ஒரு ஜோடி டயர் வாங்கினேன். மூன்றிலும் ஏமாற்று, அதுவும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம். கடையின் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பயன் இருக்காது, அவர்களே பெயரை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அவர்களுடைய பொறி எது என்று சொல்லிவிடுகிறேன். விற்பனை விதிகளில் ஒரு வரி இருந்தது: சைக்கிளில் பொருத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம். பார்த்தால் நியாயமான வரிதான், நல்ல கடைகளிலும் இது உண்டு. ஆனால் ஒரு ஃபோர்க் ஏற்கெனவே ஓடியது என்பது பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தும்போதோ, முதல் முறை ஓட்டும்போதோதான் தெரியவரும். பொருத்தும்வரை அதில் இருக்கும் கீறல் விற்றவருடைய கீறல். ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டால் அத்தனை கீறலும் உங்களுடையது. இந்த வியாபாரமே அந்த ஒரு போல்ட்டை நம்பித்தான் நடக்கிறது. அதனால் பார்க்க வேண்டியதையெல்லாம் பொருத்தாமலேயே பார்த்துவிட வேண்டும். அது முடியும் என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம்.

சரி, ஃபோர்க்குக்கு வருகிறேன். விளம்பரத்தில் இருந்தது ராக்‌ஷாக்ஸ் பாக்ஸர் அல்டிமேட், 200 மிமீ டிராவல் (அமுங்கும் தூரம்). பாக்ஸர் 2024 மாடலில்தான் 35 மிமீ விட்டமுள்ள ஸ்டான்ஷன் குழாயிலிருந்து (ஃபோர்க்கின் மேல்பக்கக் கால்) 38 மிமீக்கு மாறியது. பழைய 35 மிமீ ஃபோர்க்கைப் புது மாடல் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு என்று தெரிந்ததால் முதல் வேலையாக வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்தேன். 38 சரியாக இருந்தது. பெட்டியும் கம்பெனிப் பெட்டி. ஆனால் உள்ளே ஃபோர்க்கைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் டேக் (இழுத்து இறுக்கும் கட்டு) ஏதோ கடையில் வாங்கியது போல நிறம் மாறி இருந்தது. அங்கேதான் சந்தேகம் ஆரம்பித்தது. நல்லவேளை, பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

இரட்டை க்ரவுன் ஃபோர்க் (இரண்டு கால்களையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு க்ரவுன் பட்டைகள் பிணைக்கும் வகை) தன் வரலாற்றை எளிதில் மறைக்க முடியாத பொருள். மேல் க்ரவுன் ஸ்டான்ஷனை இறுக்கிப் பிடிக்கும் இடத்தில் மெல்லிய வட்டத் தடம் விழும். புது ஃபோர்க்கிலும் இது இருக்கலாம், ஏனென்றால் தொழிற்சாலையிலிருந்தே மேல் க்ரவுனை மாட்டித்தான் அனுப்புகிறார்கள். பார்க்க வேண்டியது, வேறொரு உயரத்தில் இரண்டாவது தடம் இருக்கிறதா என்பதை. ஃபிரேமின் ஹெட் டியூப் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) நீளத்துக்கு ஏற்ப மேல் க்ரவுன் ஏறி இறங்கும். எனவே இரண்டாவது தடம் இருந்தால் அந்த ஃபோர்க் ஏதோ ஒரு ஃபிரேமில் உட்கார்ந்து எழுந்திருக்கிறது. என்னுடையதில் க்ரவுனுக்கு ஒரு விரல் கீழே இன்னொரு வட்டம் தெளிவாக இருந்தது. அதற்கும் கீழே, ஃபிரேம் இடிக்காமல் இருக்க மாட்டும் ரப்பர் பம்பர் உட்காரும் இடத்தில், தேய்ந்து மங்கிய பட்டை.

அப்புறம் ஹெட் டியூபுக்குள் நுழையும் ஸ்டியரர் குழாயின் அடி. கீழ் பேரிங்கைத் தாங்கும் வளையமான க்ரவுன் ரேஸ் உட்காரும் விளிம்பு அது. இறுக்கமான ரேஸைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்தத் தட்டல் அலுமினியத்தில் சின்னச் சின்ன வெட்டாகத் தங்கிவிடும். எவ்வளவு துடைத்தாலும் போகாது. என் ஃபோர்க்கில் எதிரெதிர் பக்கங்களில் இரண்டு வெட்டு. பிரேக் காலிப்பர் மாட்டும் மேடைகளில் பெயின்ட் அமுங்கியிருந்தது. டைரக்ட் மவுண்ட் ஸ்டெம்முக்கான (க்ரவுனிலேயே திருகும் ஹேண்டில்பார் பிடி) துளைகளில் ஒன்றின் மரையில் நீலநிறப் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. போல்ட் தானாகக் கழலாமல் இருக்கப் போடும் பசை அது, புது ஃபோர்க்கின் காலித் துளையில் அதற்கு என்ன வேலை?

இதெல்லாம் ஓடிய ஃபோர்க் என்பதற்கு. மாடலே வேறு என்பது குமிழ்களைப் பார்த்தபோது தெரிந்தது. அல்டிமேட்டில் ஆர்சி2 வகை டேம்பர் (ஃபோர்க் அமுங்கி மீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி). அதில் வேகமான கம்ப்ரெஷனுக்கும் (அமுங்கலுக்கும்) மெதுவான கம்ப்ரெஷனுக்கும் தனித்தனிக் குமிழ் இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் கம்ப்ரெஷனுக்கு ஒரே குமிழ். ஸ்டிக்கர் மட்டும் அல்டிமேட். க்ரவுனில் பொறித்திருந்த வரிசை எண்ணை ஸ்ராம் நிறுவனத்தின் சேவைப் பக்கத்தில் போட்டேன் (ராக்‌ஷாக்ஸ் அவர்களுடையதுதான்). கீழ்நிலை மாடலின் பெயர் வந்தது. ஃபாக்ஸ் ஃபோர்க் வாங்குகிறவர்களுக்கும் இப்படி ஒரு வழி உண்டு: லோயர் காலின் (சக்கரம் மாட்டும் கீழ்ப்பகுதி) பின்பக்கம் ஒட்டியிருக்கும் நான்கு எழுத்துக் குறியீட்டை அவர்களுடைய தளத்தில் போட்டால் அந்த ஃபோர்க் எந்த டேம்பர், எவ்வளவு டிராவலோடு வெளியே வந்தது என்று வரும். ஸ்டிக்கரை யாரும் அச்சடித்துக்கொள்ளலாம், இந்த எண்ணோடு விளையாடுவது கஷ்டம்.

பழைய ஃபோர்க் என்றால் என்ன, குறைந்த விலைக்குத்தானே வந்தது என்று ஒரு நண்பர் கேட்டார். பழையது என்று சொல்லி விற்றிருந்தால் எனக்கும் ஒன்றும் இல்லை. பழைய ஃபோர்க்கில் எத்தனையோ பேர் சந்தோஷமாக ஓட்டுகிறார்கள். ஆனால் ராக்‌ஷாக்ஸ் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை லோயர் சர்வீஸ் (கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றுவது) செய்யச் சொல்கிறது. புதியது என்று நம்பி மாட்டுகிறவர் அந்தக் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார். உள்ளே எண்ணெய் காய்ந்து புஷிங் (குழாய்கள் வழுக்கும் உள்வளையம்) தேய்ந்துகொண்டிருப்பது தெரியாது. எப்படி விழுந்த சைக்கிளிலிருந்து கழற்றியது என்பதும் தெரியாது. அதோடு, ஸ்ராமின் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், கைமாறினால் போய்விடும். நான் முதல் ஆள் இல்லையே.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேக்ஸிஸ் நிறுவனத்தின் அஸெகாய், டிஎச் கேசிங் (டவுன்ஹில்லுக்கான இரட்டை அடுக்கு டயர் உடல்), மேக்ஸ்கிரிப் என்ற பிடிப்பு அதிகமான ரப்பர் என்று போட்டிருந்தார்கள்; வந்தது அதே அஸெகாய், ஒற்றை அடுக்கு எக்ஸோ கேசிங், மேக்ஸ்டெர்ரா ரப்பர். டயர் அசல்தான், கேட்டது அது இல்லை. ஒரே பெயரில், ஒரே பட்டன் (டயரின் மேடுகள்) அமைப்பில் பல கேசிங், பல ரப்பர் கலவை வருவதால் படத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பக்கச்சுவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள், கூடவே தராசில் வையுங்கள். இரட்டை அடுக்கு டிஎச் கேசிங் கணிசமாகக் கனம் கூடுதல். ஒற்றை அடுக்கு டயரைப் பாறைச் சரிவில் குறைந்த காற்றோடு இறக்கினால் ரிம்மில் இடித்துக் கிழிவதற்கு அதிக நேரம் ஆகாது.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது ஹெல்மெட்டில்தான். ஃபோர்க்கில் பணம் போகும், இதில் தலை போகும்.

வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாத ஹெல்மெட். பளபளப்பு, காற்றுத் துளைகள், வைசர் எல்லாம் அசலைப் போலவே. உள்ளே மஞ்சள் நிற மிப்ஸ் படலம்கூட இருந்தது. மிப்ஸ் என்பது தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இருக்கும் நழுவும் அடுக்கு. சாய்வாக மோதும்போது தலை திரும்பும் விசையைக் குறைக்க, அது எல்லாப் பக்கமும் 10 முதல் 15 மிமீ வரை நகர வேண்டும். இதை விரலால் தள்ளிப் பார்த்தேன், அசையவே இல்லை. மஞ்சள் பிளாஸ்டிக்கை ஃபோமின் மேல் ஒட்டி வைத்திருக்கிறார்கள். லேபிளில் இஎன் 1078 என்று மட்டும் இருந்தது, விளம்பரத்திலோ ஏஎஸ்டிஎம் எஃப்1952 என்று இருந்தது. இந்த இரண்டையும் நிறைய பேர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். இஎன் 1078 சாதாரண சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம், அதில் தாடைப் பட்டைக்கென்று சோதனையே கிடையாது. எஃப்1952 டவுன்ஹில்லுக்காகவே எழுதப்பட்டது. அதில் தாடைப் பட்டையையும் அடித்துப் பார்ப்பார்கள். ஆகவே முழுமுக ஹெல்மெட் வாங்கும்போது ‘சான்று பெற்றது’ என்ற பொத்தாம் பொதுவான வார்த்தையை விட்டுவிட்டு, எந்தச் சான்று என்று பாருங்கள். உற்பத்தித் தேதியும் உள்ளே ஒட்டியிருக்க வேண்டும். என்னுடையதில் அதுவும் இல்லை.

விற்றவருக்கு எழுதினேன். ஆரம்பத்தில் ரொம்பப் பணிவான பதில்கள். ஃபோர்க்கில் இருப்பது "கம்பெனியில் சோதிக்கும்போது விழும் தடம்" என்றார்கள். கம்பெனி ஃபோர்க்கைச் சோதிக்க ஸ்க்ரூடிரைவரால் ரேஸைத் தட்டிக் கழற்றுமா என்று கேட்டதற்கு இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு வேறொருவர் வந்தார், குரலும் மாறியது: நீங்கள் பொருத்திப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் திருப்பி அனுப்பப் பார்க்கிறீர்கள். எதிர்பார்த்ததுதான். பெட்டியின் டேப்பை அறுப்பதிலிருந்து வரிசை எண் தெரியும்வரை வெட்டு இல்லாத வீடியோ இருந்ததால் அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. கடைசியாக ஒரு சமரசம் சொன்னார்கள்: கொஞ்சம் பணம் திருப்பித் தருகிறோம், ஃபோர்க்கை வைத்துக்கொள்ளுங்கள், புகாரை முடித்துவிடுங்கள். இந்த இடத்தில் நிறைய பேர் சரி என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். புகாரை ஒரு முறை முடித்துவிட்டால் பெரும்பாலான தளங்களில் அதைத் திரும்பத் திறக்க முடியாது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கார்டில் பணம் கட்டியிருந்ததால் வங்கியில் முறையிட்டேன். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், வீடியோ, வரிசை எண்ணுக்கு வந்த பதில், மூன்றையும் ஒரே கோப்பாக வைத்தேன். வங்கியில் இருப்பவருக்கு க்ரவுன் ரேஸ் என்றால் என்னவென்று தெரியப்போவதில்லை, அவருக்கு அதை விளக்கிக்கொண்டிருப்பது வீண். "விளம்பரத்தில் இந்த மாடல், வந்தது இந்த மாடல், தயாரித்த நிறுவனமே சொல்கிறது" என்ற ஒரு வரிதான் வேலை செய்தது. ஃபோர்க்குக்கும் டயருக்கும் பணம் வந்துவிட்டது.

ஹெல்மெட்டுக்கு வரவில்லை. உடலில் அணியும் பொருள், பையைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்ற விதியை விற்றவர்கள் காட்டினார்கள். போலி என்று நிரூபிக்க அசலைத் தயாரிப்பவரிடமிருந்து கடிதம் வேண்டும் என்றது வங்கி. அசலைத் தயாரிப்பவரோ, தங்கள் அங்கீகாரக் கடையில் வாங்காததைப் பற்றி எழுத்தில் எதுவும் தர மறுத்துவிட்டார். எல்லாக் கதவும் மூடிய பிறகு ரம்பத்தை எடுத்துத் தாடைப் பட்டையைக் குறுக்கே அறுத்தேன். டவுன்ஹில் ஹெல்மெட்டுகள் பெரும்பாலானவற்றில் அங்கே நொறுங்கி அடியை வாங்கும் கெட்டியான இபிஎஸ் ஃபோம் (தெர்மோகோல் வகை) இருக்கும். இதில் மெல்லிய பிளாஸ்டிக் ஓடும், சோபா மெத்தையில் வைப்பது போன்ற ஸ்பாஞ்சும்தான் இருந்தன. அறுக்காமலேயே இதை ஓரளவு கண்டுபிடிக்கலாம்: உள்துணியைக் கழற்றிவிட்டுத் தாடைப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அது பஞ்சுபோல உள்ளே போகக் கூடாது.

பெயர் மாற்றத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நான் திருப்பி அனுப்பிய அதே ஃபோர்க் இப்போது வேறொரு கடைப் பெயரில், அதே தரை, அதே வெளிச்சத்தில் எடுத்த படங்களோடு, மறுபடியும் ‘பெட்டி பிரிக்காதது’ என்று விற்பனைக்கு இருக்கிறது. மேல் க்ரவுனுக்குக் கீழே உள்ள பகுதி மட்டும் எந்தப் படத்திலும் வராதபடி கோணத்தை மாற்றியிருக்கிறார்கள். தளத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். இதுவரை விளம்பரம் அப்படியே இருக்கிறது.

எனவே இணையத்தில் ஃபோர்க் வாங்குகிறவர்கள், அது எந்தக் கடையாக இருந்தாலும், பணம் கட்டும் முன் சில படங்களைக் கேட்டு வாங்குங்கள்: மேல் க்ரவுனுக்கும் கீழ் க்ரவுனுக்கும் நடுவே ஸ்டான்ஷன் முழுசாக, ஸ்டியரரின் அடி விளிம்பு, பிரேக் மேடை, எல்லாக் குமிழ்களும், வரிசை எண். எண்ணைக் காட்டினால் யாராவது தவறாகப் பயன்படுத்திவிடுவார்கள் என்று என்னிடம் ஒரு சாக்கு சொன்னார்கள். கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்தாவது அனுப்புங்கள், பொருள் கைக்கு வந்ததும் ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையாக விற்கிறவருக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. நான் பிறகு வாங்கிய கடையில் கேட்ட அரை மணி நேரத்தில் முழு எண்ணையுமே அனுப்பினார்கள்.