கேப்டன் டேப்: எரியாதது படலம்தான், பசை அல்ல

மொபைல் சர்வீஸ் மேசை, 3டி பிரின்டர், லித்தியம் பேட்டரி பேக் என்று எங்கும் ஒட்டிக்கிடக்கும் தேன் நிற டேப்பைக் கடைகளில் ‘கேப்டன் (Kapton) டேப்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். டூபாண்ட் 1960-களில் கொண்டுவந்த பாலிஇமைடு என்ற, சூடு தாங்கும் பிளாஸ்டிக் படலத்தின் வணிகப் பெயர் அது. இங்கே பார்ப்பது பெயரில்லாத சாதாரண ரகம்: 20 மி.மீ. அகலம், 33 மீட்டர் சுருள், 25 மைக்ரான் படலம், அதன்மேல் சுமார் 35 மைக்ரான் சிலிக்கோன் பசை.

வாங்கியதும் 350 டிகிரியில் இருக்கும் சால்டரிங் முனையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். அசல் என்றால் ஓட்டை விழாது. தேன் நிறம் ஏற்றிய பாலியெஸ்டர் டேப்பும் இதே பெயரில் விற்பனையாகிறது. அது உடனே சுருங்கி ஓட்டையாகிவிடும். லைட்டரில் காட்டினாலும் தெரியும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும். பாலிஇமைடு உருகாது. ஓரம் கறுத்துச் சுருண்டு கரியாகும், சுடரை எடுத்ததும் அணையும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். இந்தப் படலம் தொடர்ந்து எரிய ஏறக்குறைய 37 சதவீதம் வேண்டும். வளையம் வளையமாகக் கோத்த மூலக்கூறு என்பதால், சூட்டில் எரிவாயுவாகப் பிரிவது குறைவு, கரியாகத் தங்குவது அதிகம். அந்தக் கரியே உள்ளிருப்பதற்குக் கவசம்.

பெட்டியில் ‘400 டிகிரி’ என்று போட்டிருந்தால் அது படலத்தின் கணக்கு. பசை 260 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் தாங்காது. வேவ் சால்டரிங்கில் (உருகிய சால்டர் அலையின் மேல் போர்டை நகர்த்திப் பற்றவைக்கும் முறை) சில நொடிகள் மறைப்பாக ஒட்டிப் பிரிக்க அருமையான டேப். 3டி பிரின்டரில் பிளாஸ்டிக்கை உருக்கும் ஹீட்டர் பிளாக்கில் மாதக்கணக்கில் விட்டால் பசை பொடிந்து டேப் கழன்று தொங்கும். சூடேறிய பசையின் மிச்சம் போர்டில் தங்கினால் அதன்மேல் அடிக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் (போர்டைக் காக்கும் மெல்லிய பூச்சு) ஒட்டாமல் திட்டுத்திட்டாக விலகும். தாழ்ந்த கோணத்தில் மெதுவாக உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் உண்டாகும் நிலைமின்சாரம் போர்டில் உள்ள மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடலாம். கத்தரியால்தான் வெட்ட வேண்டும். ஓரத்தில் சிறு கீறல் விழுந்தாலும் அங்கிருந்து சர்ரென்று கிழியும்.

தீயைத் தாங்குவது வேறு, சூட்டைத் தடுப்பது வேறு. பிளாஸ்டிக் கனெக்டரின் மேல் ஓரடுக்கு ஒட்டி ஹாட் ஏர் காட்டினால் கனெக்டர் உருகிவிடும், டேப் மட்டும் அப்படியே இருக்கும்! இரண்டு மூன்று அடுக்கு சுற்றி, மேலே அலுமினியம் டேப்பும் ஒட்டினால் ஓரளவு தப்பும்.

காப்பாற்றும் கரியே காலை வாருவதும் உண்டு, ஏனென்றால் அது மின்சாரத்தைக் கடத்தும். விமான வயர்களின் மேல் சுற்றியிருந்த பாலிஇமைடு உறை உரசி, ஈரமும் பட்ட இடத்தில் தீப்பொறி கிளம்பிக் கரிப்பாதை நீண்டுகொண்டே போனதால், 1980-களில் அமெரிக்கக் கடற்படை புதிய விமானங்களில் அந்த வயரைக் கைவிட்டது. பேட்டரி செல்களுக்கு நடுவே, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளில் தாராளமாக ஒட்டலாம். அசையும், உரசும் 230 வோல்ட் வயருக்கு இதை மட்டும் சுற்றிவிட்டு மூடாதீர்கள்; மேலே ஃபைபர்கிளாஸ் ஸ்லீவ் போடுங்கள்.